வாற்பலகை

உதயகலாவுக்கு நாற்பத்தொரு வயது. குருநகரில் பைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பது அவள் தொழில். சண்டிலிப்பாயில், புகையிலை உலர்த்திய பழைய கொட்டிலுக்குள், மூன்று வருடமாக ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் மட்டும் இருந்து ஓட்டுவது.

ஆரோ பொலிசுக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை காலை பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்தார். மேசையில் கிடந்த நீளமான பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது, இவ்வளவு லேசா?"

"உள்ளுக்கு றெஜிபோம், சேர், லேசான வெள்ளை நுரைக்கட்டி. மேலை கண்ணாடி நார்த்துணியும் ரெசின் பசையும். வாலிலை பூட்டுறது. இது அசைஞ்சால்தான் பிளேன் ஏறும், இறங்கும்."

"ஆர் ஓட்டுறது?"

"நான்."

அவர் பக்கத்தில் நின்ற அவளுடைய தமையன் முத்துக்குமாருவைப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதேங்கோ, சேர். நான்தான்."

விமானம் கட்டக் கொழும்பிலிருந்து வந்த அனுமதிக் கடிதத்தை நீட்டினாள். இரண்டுதரம் வாசித்தார். பிறகும், பலகையைப் பொலிஸ் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"கொண்டுபோகலாம் எண்டு அதிலை எங்கை கிடக்கு? காட்டுங்கோ."

காட்ட முடியவில்லை. பலகையைப் படம் மட்டும் எடுத்தார். "திரும்ப வருவம்" என்றார்.

"வாங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. தூசி ரெசினிலை ஒட்டும்."

ஜீப் போனதும் முத்துக்குமாரு வெடித்தார். "இதை இண்டைக்கே எரி! பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை ஓடின சனம் நாங்கள். மறந்திட்டியே?"

"மறக்கேல்லை. உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு நானும் ஓடினனான். அதுக்காக வானத்தைக் குண்டு போட்டவங்களுக்கே விட்டுக்குடுக்கிறதோ?"

அவர் கொட்டில் வாசலில் போய்க் குந்தினார்.

அவள் பலகையைத் தராசில் வைத்தாள். ஆயிரத்து எழுநூறு கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு காட்டியது. இறக்கி, மறுபடி வைத்தாள். அதே எண்தான். பதினொரு நாள் வேலை. வாளை எடுத்துப் பலகையைக் குறுக்கே அறுக்கத் தொடங்கினாள்.

முத்துக்குமாருவின் முகம் மலர்ந்தது. "இப்பதான் புத்தி வந்திருக்கு."

"பயத்திலை அறுக்கேல்லை, அண்ணை. ரெசின் கூடிப்போச்சு. பின்பக்கம் பாரமான பலகை வேகத்திலை படபடக்கும், வாலைப் பிடுங்கிக்கொண்டு போகும். இதை உடைக்கிறது எண்டால் நான்தான் உடைப்பன். மொட்டைக் கடிதக்காரன் இல்லை."

புது றெஜிபோம் கட்டியை மேசையில் ஏற்றினாள். சூடேறிய கம்பியால்தான் அதை வெட்ட வேண்டும். இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். கூட வேலை செய்யும் றிஹானா திங்கட்கிழமைதான் வருவாள்.

"அந்த முனையைப் பிடியுங்கோ."

"எனக்கென்ன விசரே?"

"பிடியுங்கோ, அண்ணை. நான் எண்ணுற எண்ணுக்குச் சரியா, கட்டியிலை கீறியிருக்கிற கோடு கோடாக் கம்பியை நகர்த்தினால் போதும்."

திட்டிக்கொண்டே பிடித்தார். அவள் ஒன்று, இரண்டு என்று உரத்து எண்ணினாள். ஏழுக்குப் பிறகு அவரும் சேர்ந்து எண்ணினார்.

இந்தமுறை துணியில் மிஞ்சிய ரெசினை வழித்து வழித்து எடுத்தாள். பத்தாம் நாள், எல்லாம் இறுகியபின், தராசில் நிறுத்தபோது ஆயிரத்து அறுநூற்று நாற்பது. கொட்டில் அதிர ஒரு கூச்சல் போட்டாள்.

அடுத்தநாள் பலகையைத் தெருவோரம், படலைக்கு வெளியே, இரண்டு மரவாங்குகளின்மேல் நீட்டி வைத்து வெள்ளைப் பெயின்ற் பூசினாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன பிள்ளை அது?"

"பிளேனின்ரை வால்!" என்றாள், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.