இல்லை என்று சொல்லாத ஊர்

இமோஜன் வந்த மூன்றாம் வாரமே ஊரில் ஒரு கோழியும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கைமாறிவிட்டன. எல்லாம் அவள் நடத்திய ஆங்கிலப் பாடத்தால் வந்த வினை.

ஆஸ்திரேலியாவிலிருந்து சம்பளம் வாங்காமல் பாடம் நடத்த வந்த பெண் அவள், ஊருக்கு இமோ. இருபத்துமூன்று வயது. பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் மரக்கேய் தீவுப் பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும், பத்து மாதம். தங்கியது மேரெரேயின் வீட்டில். மேரெரேயின் கணவன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டினால் பெரிது. வீட்டில் அவளும் ஒன்பது வயது மகள் அகினெஸும்தான்.

அன்றைய பாடம் இதுதான். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒன்று, "உன் செருப்பைத் தருவாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். மற்றது, "யெஸ், ஹியர் யூ ஆர்" என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் அழகாகக் கேட்டார்கள், அழகாகக் கொடுத்தார்கள். கேட்டவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். கொடுத்தவன் வெறுங்காலோடு போனான். இன்னொருத்தி கோழியைக் கேட்டிருந்தாள். சாயங்காலம் ஓலைக்கூடையோடு வாங்கிக்கொள்ளவே வந்துவிட்டாள். கோழிக்குச் சொந்தக்காரி உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டு, அதன் காலைக் கட்டிக் கொடுத்தாள்.

இமோவுக்குத் தலை சுற்றியது. "அது சும்மா பாடம்தானே, ஏன் கொடுத்தாங்க?" என்று தலைமையாசிரியர் டபோக்காயிடம் ஓடினாள்.

"கேட்டுட்டாங்களே அம்மா" என்றார் அவர். "நம்ம ஊர்ல இதுக்குப் பேரு புபூசி. ஒருத்தன் வாயத் தொறந்து கேட்டா கொடுத்துடணும். இல்லேன்னு சொல்லிட்டு மறுநாள் மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிறது? என் சைக்கிள் எங்கேன்னு ஒரு நாளாவது கேட்டியா நீ? அதுவும் அப்படிப் போனதுதான்."

"இங்கிலீஷ்ல கேட்டாக்கூடவா?"

"எந்தப் பாஷைல கேட்டா என்ன, கேட்டது கேட்டதுதானே."

இமோ விடுகிற ஆளில்லை. மறுநாள் கரும்பலகையில் புதிதாக ஒரு வாக்கியம் எழுதினாள். "ஸாரி, ஐ நீட் இட்." மன்னிக்கவும், எனக்கு அது வேண்டும். சொல்லுங்கள் என்றாள். வகுப்பு வாயைத் திறக்கவில்லை. காட்டுக்கத்தல் கத்துகிற பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அகினெஸ் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மேரெரே, நடந்ததைக் கேள்விப்பட்டு மகளிடம் கேட்டாள். "அப்படி என்னடி கெட்ட வார்த்தை அது?"

"வாயால சொல்ல முடியாத வார்த்தைம்மா" என்றாள் மகள்.

இமோ சிரித்துக்கொண்டே மேரெரேயின் முன்னால் குந்தினாள். "அக்கா, நான் உங்க பெரிய மீனைக் கேக்குறேன். நீங்க மாட்டேன்னு சொல்லணும். சொல்லுங்க பாப்போம்." மேரெரே முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, "ஸாரி" வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் பெரிய மீனைத் தூக்கி இமோவின் மடியில் போட்டாள். மூவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போயிற்று.

பத்து மாதம் போனதே தெரியவில்லை. இமோ நடந்தால் அகினெஸ் பின்னால் நடப்பாள், இமோ குளித்தால் கிணற்றடியில் வாளியோடு நிற்பாள். தாழைப் பாயில் இரண்டும் ஒன்றாகப் படுத்து, இவள் ஒரு வார்த்தை சொல்ல அவள் ஒரு வார்த்தை சொல்ல, ஒரே கிசுகிசுப்பு. மேரெரேக்குச் சில நாள் லேசாகப் பொறாமைகூட வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விடைகொடுக்கும் விருந்து மனேபாவில் நடந்தது. ஊரே கூடுகிற ஓலைக்கூரைக் கூடம் அது. அதில் சொன்ன சொல் கல்லில் வெட்டியது. பன்றி, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் ஊறின மீன், எல்லாம் முடிந்து பூமுடி தரித்த இமோ பேச எழுந்தாள். எங்கள் பாஷையில் தட்டுத் தடுமாறிப் பேசினாள், பாதியில் அழுதாள். பக்கத்தில் இருந்த அகினெஸின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டு, மேரெரேயைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, உங்ககிட்ட ஒரு புபூசி. அகினெஸ எனக்குக் கொடுத்துடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

பாவி மகள், வேடிக்கையாகத்தான் சொன்னாள். பிரியம் தாங்காமல் சொல்கிற பேச்சு. செருப்பு, கோழி, சைக்கிள், இதற்கெல்லாம்தான் புபூசி என்று அவள் நினைத்திருந்தாள். பிள்ளையையும் கேட்கலாம், கேட்டால் பிள்ளையையும் கொடுப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கூடம் அடங்கிப் போயிற்று. எல்லாக் கண்ணும் மேரெரேயின் மேல்.

மேரெரேக்கு அந்தக் கணம் புதிதல்ல. ஆறு வயதில் அவளையும் இப்படித்தான் அப்பாவின் அத்தை வந்து கேட்டாள். இதே மனேபாவில், இதே தூணுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினாள். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அது போதும். அத்தைப்பாட்டி நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் புருவத்தை மேரெரே முப்பது வருஷமாக மன்னிக்கவில்லை.

இப்போது அவளுடைய புருவம் தானாக உயர்ந்தது.

கைதட்டல் எழுந்தது. இமோவும் சேர்ந்து தட்டினாள், கண்ணீரோடு சிரித்தாள். பிறகு இளைஞர்கள் அவளை ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று அவள் தங்கியது விமானத் திடலுக்குப் பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர் வீட்டில்.

அன்று ராத்திரியே மேரெரேயின் கணவனுடைய அண்ணன் பவுரோ வீடு தேடி வந்தான். "அடிச்சது பாரு யோகம்! ஆஸ்திரேலியாவாம், படிப்பாம். எம் புள்ளைங்கள ஒருத்தரும் கேக்கலையே. விமானத்துல இடம் சொல்லிட்டேன், தலைநகரம் தராவா வரைக்கும் போகட்டும், மத்த காகிதமெல்லாம் அங்க பாத்துக்கலாம்."

"அவ அப்பாவுக்குத் தெரியாதே மாமா."

"கப்பல்ல இருக்கறவனுக்கு எப்படிச் சொல்லுவ? மனேபால கொடுத்தாச்சு. இப்ப போய் மாத்திப் பேசுவியா? நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் பேசினதில்ல."

மேரெரே மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னினாள். அவளுக்கென்று முடைந்து வைத்திருந்த புதுப் பாயில் இரண்டு பாவாடையும் ஒரு சட்டையும் வைத்துச் சுருட்டிக் கட்டினாள். "இமோ மிஸ்ஸ உனக்குப் புடிக்கும்தானே?" என்று கேட்டாள்.

"புடிக்கும்" என்றாள் அகினெஸ். கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஏம்மா புருவத்த தூக்கின?" என்றாள்.

மேரெரே பாயின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். தன் அம்மாவிடம் தான் கேட்காமல் விட்ட கேள்வியை மகள் கேட்டுவிட்டாள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை விமானத் திடலில் ஊரே நின்றது. இங்கே பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி எடை பார்ப்பார்கள், விமானம் அவ்வளவு சின்னது. இமோ ஏறி இறங்கினாள். வந்ததற்கு எட்டுக் கிலோ கூடியிருந்தாள். "எல்லாம் மேரெரே போட்ட சேப்பங்கிழங்கு!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

"அடுத்தது அகினெஸ்" என்றான் தராசுக்காரன்.

இமோ திரும்பினாள். "அவ எதுக்கு?"

மேரெரே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மறுகையில் பாய்ச்சுருட்டு. "நேத்து நீ கேட்டியே" என்றாள். மகளின் கையை எடுத்து இமோவின் கையில் வைத்தாள்.

இமோ அந்தக் கையைப் பார்த்தாள், எண்ணெய் மின்னும் பின்னலைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். "அய்யோ அக்கா" என்றாள். மேலே வார்த்தை வரவில்லை. வந்தால் என்ன வரும்? விளையாட்டுக்குச் சொன்னேன் என்றால் ஊர் முன்னால் கொடுத்த பிள்ளையைத் தூக்கி எறிந்த மாதிரி. எடுத்துக்கொள்கிறேன் என்றால் அது அதைவிடப் பாவம். பத்து மாதத்தில் அந்த அளவுக்கு அவளுக்கு ஊர் புரிந்திருந்தது.

மேரெரே மனசுக்குள் அந்த ஆங்கில வாக்கியத்தைத் தேடினாள். "ஸாரி" கிடைத்தது. மீன் ஆய்ந்த அன்று போலவே அதற்கு மேல் தொண்டையை விட்டு வரவில்லை.

அப்போது அகினெஸ் இமோவின் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். வகுப்பில் நிற்பதுபோல நேராக நின்றாள்.

"ஸாரி மிஸ்" என்றாள். "ஐ நீட் மை மதர்."

எனக்கு என் அம்மா வேண்டும். பத்து மாதமாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் சொல்லாத வாக்கியம் அது. பவுரோ, "என்னடி சொல்ற, வாய மூடு" என்று அதட்டினான். தலைமையாசிரியர் அவன் தோளில் கைவைத்தார். "இரு, பாடம் சொல்றா" என்றார்.

இமோ அழுதுகொண்டே தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பாஷையில், ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"அக்கா, எனக்குக் கேக்கத் தெரியல. நேத்து தப்பாக் கேட்டுட்டேன். இப்ப சரியாக் கேக்குறேன். எனக்கு ஒரு புபூசி. அந்தப் பாயக் கொடுங்க."

மேரெரேக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பாயின் முடிச்சை அவிழ்த்து, பாவாடையையும் சட்டையையும் மகளின் கையில் கொடுத்தாள். பாயை மறுபடி சுருட்டினாள். இந்த முறை புருவத்தை உயர்த்தவில்லை. வாயைத் திறந்து, கூட்டத்தில் எல்லாரும் கேட்க, சத்தமாகச் சொன்னாள்.

"யெஸ், ஹியர் யூ ஆர்."

தராசுக்காரன் பாயை வாங்கி எடை பார்த்தான். இரண்டு கிலோ என்று எழுதிக்கொண்டான். அகினெஸ் பாவாடையை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.