திங்கட்கிழமைக் கையெழுத்து

பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று டேப் அக்காவிடம் கேட்டால் வாயால் பதில் வராது. தச்சரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்கிய ஓர் உருண்டைக் கட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவாள். "இந்தக் கட்டை கம்பிக்கு நடுவுல நுழைஞ்சா மனுஷத் தலையும் நுழையும். நுழைஞ்ச தலை சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பி வராது" என்பாள். முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கட்டிலின் பக்கக் கம்பியை எப்படி மாட்டுவது, மாட்டியதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் இரண்டு வருடமாக அவள் பிழைப்பு. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். பெயர் அதிலிருந்து வந்தது.

கண்டிப்புக்குப் பேர்போனவள். அரை சென்டிமீட்டர் கூடினாலும் ஆளை உலுக்கி எடுத்துவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று நிர்வாகிகள் மெச்சுவார்கள். அவர்கள் மெச்சும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் மாற்றுகிறாள் என்பது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு வகுப்புக்குப் பேர் கொடுத்திருந்தவர்கள் பத்துப் பேர். சாப்பாட்டு மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்பே வந்து அந்தக் கட்டிலில் வேண்டுமென்றே ஐந்து தப்புகள் செய்து வைத்திருந்தாள் டேப் அக்கா. ஒரு கொக்கி பாதிதான் விழுந்திருக்கும். ஒரு பக்கத்தில் வேறு கட்டிலின் கம்பி. இப்படி ஐந்து. சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து ஐந்தையும் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் தேர்ச்சித் தாள் கிடைக்கும். தாள் இல்லாதவர்களுக்கு இனிமேல் கட்டில் பக்கம் வேலை கிடையாது என்று இல்லம் கறாராகச் சொல்லிவிட்டது.

"யாராவது ஒருத்தர் வந்து படுங்க" என்றாள்.

முன்பு ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்த மீசைக்காரர் எழுந்தார். "படுத்தா சம்பளம் குடுக்கிற எடம் இது ஒண்ணுதான்யா" என்று ஏறிப் படுத்தார். அறையே சிரித்தது. டேப் அக்கா இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றினாள்.

"தாகமா இருக்கு. தண்ணி மேசை மேல இருக்கு. எடுங்க பார்ப்போம்."

மீசைக்காரர் கம்பி வழியாகக் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போய் நின்றது. திரும்பிப் பார்த்தார், புரண்டு பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "யக்கா, எறக்கி விடுங்க, மூச்சு முட்டுது" என்றார்.

"ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நாள் பூரா இப்படிப் படுத்திருக்கிறவங்களை நெனச்சுக்கோங்க" என்றபடி கம்பியை இறக்கினாள். "அதனால முதல் கேள்வி கம்பியைப் பத்தியே இல்ல. இவருக்குக் கம்பி வேணுமா? அதான் கேள்வி. புத்தி தடுமாறி ஏறிக் குதிக்கிற ஆளுக்குக் கம்பி போட்டா, விழுற உயரம்தான் கூடும். போட்டே ஆகணும்னா தெனமும் பாருங்க. மெத்தையை மாத்தினா மறுபடி பாருங்க. கண்ணால இல்ல, கையால."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு கதை சொல்வாள். எத்தனையோ வகுப்புகளில் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன கதை.

"ஒரு இல்லத்துல ஒரு டிரைவர் ஐயா இருந்தாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு. கம்பியை ஸ்டீயரிங் மாதிரிப் பிடிச்சுக்கிட்டு, போற வர்றவங்ககிட்ட டிக்கெட் எடுத்தாச்சான்னு கேப்பாரு..."

கதவு திறந்தது. "மன்னிச்சிடுங்க, பஸ்ஸு லேட்டு" என்று பத்தாவது ஆள் உள்ளே வந்தாள்.

டேப் அக்கா திரும்பிப் பார்த்தாள். வந்தவள் இஸ்திரி.

அவள் விரித்த போர்வையில் ஒரு சுருக்கம் இருக்காது. இஸ்திரி போட்டது போல இருக்கும். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே டேப் அக்காதான். அப்போது டேப் அக்கா, கதையில் வரும் அந்த இல்லத்தில் சூப்பர்வைசர், இஸ்திரி அவளுக்குக் கீழே வேலை பார்த்தவள். டிரைவர் ஐயா இருந்ததும் அங்கேதான். ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் நழுவி, வலது கை மடங்கிச் சிக்கிக் கிடந்தார். தோள் எலும்பும் கையும் முறிந்தன. விசாரணையில் சரிபார்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தார்கள். புதன் காலை ஏழு மணி, எல்லாம் சரி, சூப்பர்வைசர் கையெழுத்து. அதற்குப் பிறகு கட்டிலைத் தொட்டது போர்வை மாற்றிய இஸ்திரி மட்டும்தான். பழி அவள் தலையில் விழுந்தது, வேலை போனது. பார்த்துப் பார்த்து வேலை செய்கிற சூப்பர்வைசர் என்று டேப் அக்காவைப் பயிற்சி கொடுக்க அனுப்பினார்கள்.

இஸ்திரி கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். இளைத்திருந்தாள். டேப் அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் டேப் அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோபமே இல்லை.

கதையைப் பாதியில் நிறுத்த வழியில்லை. படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டதைச் சொன்னாள். நழுவியதைச் சொன்னாள். வழக்கமாக அடுத்து வருவது, 'போர்வை மாத்தின பொண்ணு மெத்தையை இழுத்துட்டு அப்படியே விட்டுட்டா' என்ற வரி. அதை மென்று விழுங்கினாள்.

"யாரோ... கவனிக்காம விட்டுட்டாங்க" என்றாள்.

கடைசி நாற்காலியில் ஒரு கை உயர்ந்தது.

"யாரோ இல்லக்கா, நான்தான். எனக்காக மறைக்க வேணாம்." இஸ்திரி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இழுத்த ஞாபகம் எனக்கு இல்ல. ஆனா காலையில அக்கா பார்த்து கையெழுத்துப் போட்டப்போ சரியா இருந்திருக்கு. அதுக்கப்புறம் தொட்டது நான் ஒருத்திதான். அப்போ நான்தானே? நீங்களாச்சும் ஜாக்கிரதையா இருங்க."

 டேப் அக்கா கழுத்து டேப்பை இழுத்து விட்டாள், மறுபடி இழுத்தாள். சாப்பிட்டு வாங்க என்று சொல்லி வகுப்பைக் கலைத்தாள்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும். வேலையை விடு, இந்தக் கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு வாசல் ஏற முடியுமா? டிரைவர் ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இஸ்திரிக்கும் இன்றைக்குத் தேர்ச்சித் தாள் கிடைத்துவிட்டால் நல்லபடியாகப் பிழைத்துக்கொள்வாள். பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? இரண்டு வருடமாகக் கட்டிய சப்பைக்கட்டுதான், இன்றைக்கும் அதையே கட்டிப் பார்த்தாள். இன்றைக்கு நிற்கவில்லை. ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வகுப்புக்குத்தான் போனாள்.

பரீட்சை ஆரம்பித்தது. தேர்ச்சித் தாள்களை இரண்டாக மடித்து வினியோகித்தாள். மீசைக்காரர் நான்கு தப்புகளைச் சட்டென்று பிடித்துவிட்டு, ஐந்தாவதைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்து தலையில் இடித்துக்கொண்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக இஸ்திரி வந்தாள். கட்டிலைத் தொடவில்லை. கையிலிருந்த தாளைப் பிரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இதுல உங்க கையெழுத்து இருக்கே."

"ம்?"

"தேர்ச்சின்னு போட்டு, கீழ கையெழுத்தும் இருக்கு. நான் இன்னும் கட்டிலைத் தொடவே இல்லையே."

"தொடாமலே பாஸா! குடுத்து வச்சவ" என்றார் மீசைக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

டேப் அக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். காலையில் டீ குடித்துக்கொண்டே பத்துத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருந்தாள். நேரம் மிச்சம் பிடிக்கும் பழக்கம். தோற்றவர் தாளை மட்டும் அடித்துவிடுவாள். எல்லா வகுப்பிலும் அப்படித்தான். அது தப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தப் பழக்கம் படுத்திய பாட்டுக்குப் பிறகும் தோன்றியதில்லை என்பதுதான் அவளை இப்போது உலுக்கியது.

இஸ்திரி சிரிக்கவில்லை. "எப்பவுமே இப்படித்தானாக்கா?"

"ஆமா."

"அங்கயுமா?"

நேரம் மிச்சமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"அங்கயும்தான். திங்கக்கிழமை காலையிலேயே வாரம் முழுசுக்கும் போட்டுடுவேன். கம்பி எங்க போயிடப் போகுதுன்னு ஒரு நெனப்பு. செவ்வாக்கிழமை சாயங்காலம் காத்து மெத்தை வந்துச்சு. புதன்கிழமை காலையில நான் அந்த அறைக்குள்ளயே போகல."

இஸ்திரி தாளை மேசையில் வைத்தாள். டேப் அக்காவின் பையிலிருந்த உருண்டைக் கட்டையை எடுத்தாள். பரீட்சைக் கட்டிலிலும் காற்று மெத்தைதான் கிடந்தது. ஐந்தாவது தப்பு அதுதான். அந்த உயரத்துக்கும் மென்மைக்கும் அங்கே மாட்டியிருந்த கம்பி ஆகாது. கட்டையை மெத்தை ஓரத்தில், கம்பியை ஒட்டி வைத்தாள். பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு மனுஷர் புரண்டு சாய்கிற அளவுக்கு அழுத்தினாள். மெத்தை ஓரம் அமுங்கியது. கட்டை தானாக இறங்கி, இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது.

"மெத்தை நகரவே இல்லையே" என்றாள்.

"நகர வேண்டாம். ஓரம் அமுங்கினா போதும்."

"அப்போ நான் இழுக்கல."

"நீ இழுக்கலம்மா. செவ்வாக்கிழமை சாயங்காலத்துல இருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கு. நான் போய்ப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் ரெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போன வாரம் வரைக்கும் எல்லா வகுப்புலயும் உன் மேலயே பழியைப் போட்டுக் கதை சொன்னேன்."

மீசைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். இஸ்திரி கட்டையை இடுக்கிலிருந்து வெளியே எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. மெத்தையை மறுபடி அழுத்தி, இரண்டு கையாலும் இழுத்து எடுத்தாள்.

"அதுக்கப்புறம் ஐயா பதினோரு மாசம் இருந்தாரு" என்றாள். "ஞாயித்துக்கிழமை தோறும் போவேன். அவருக்கு எடது கையால சாப்பிட வராது, ஊட்டி விடுவேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேப்பேன். எதுக்கும்மா மன்னிப்புன்னு கேப்பாரு. எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டுட்டு மட்டும் வருவேன்."

டேப் அக்கா அழுதாள். அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

இஸ்திரி மேசைக்குப் போனாள். தேர்ச்சித் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தாள். "இப்போ சொன்னதை இதுல எழுதுங்க."

டேப் அக்கா நின்றபடியே எழுதினாள். திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை என்று வரிசையாக, ஒன்றையும் பூசி மெழுகாமல் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. கையெழுத்துப் போட்டாள்.

"தேதி" என்றாள் இஸ்திரி. "இன்னைக்குத் தேதி. மணியும் போடுங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியையும் எழுதினாள். "நானே கொண்டுபோய் பழைய இல்லத்து நிர்வாகிகிட்ட குடுத்துடறேன். சத்தியமா."

"வேணாம்க்கா. குடுத்தாச்சுன்னு இப்பவே எழுதி வச்சாலும் வச்சிருப்பீங்க." குத்திக் காட்டுகிற குரலாகக்கூட இல்லை அது. கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறவள் குரல். தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தாள். "நானே கொண்டு போறேன். என் பரீட்சையை எடுங்க. கையெழுத்து இல்லாத தாள் ஒண்ணு குடுங்க."

பையில் தேடி ஒரு புதுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரி குனிந்து முதல் கொக்கியைக் கையால் அசைத்துப் பார்த்தாள். டேப் அக்கா பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிக் கொக்கி வரைக்கும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.