பழைய பதிப்புக்கு ஓர் ஓட்டு

அண்ணன் போன பிறகும் அவன் கணினியை யாரும் அணைக்கவில்லை. அதில் இருந்தது, சின்னச் சின்ன மருத்துவமனைகள் மருந்துச்சீட்டு அச்சடிக்கும் இலவச மென்பொருள். ஒருவர் முகம் ஒருவர் பார்க்காத பலர், சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதியது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஒரு தீர்மானத்துக்கு ‘ஆம்’ என்று ஓட்டுப் போட்டால், அந்த வேலைக்குத் தோள் கொடுப்பதாகவும் அர்த்தம். பழைய கணினிகளுக்கான பதிப்பைக் கைவிடக் கூடாது என்று அத்தனை பேரும் ‘ஆம்’ போட்டார்கள். தோள் கொடுத்தவன் அண்ணன் மட்டும்.

“மத்தவங்கல்லாம் எங்கண்ணா?” என்று கேட்டால், “வருவாங்க” என்பான்.

அவன் படுக்கையில் விழுந்த பிறகு, அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வேலை எனக்கும் பழகிப்போயிற்று. குழு எனக்கும் ஓட்டுரிமை கொடுத்தது.

அவன் போன அடுத்த மாதம் மீசை அழைத்தார். குழுவை நடத்துபவர், திரையில் முகத்துக்கு முன்னால் மீசைதான் வரும்.

“அண்ணன் நினைவா பழைய பதிப்பைத் தொடரணும்மா. ஓட்டுக்கு விடுறோம்.”

“யார் சார் பார்க்கப்போறது?”

“எல்லாரும்தான்.”

“போன தடவையும் எல்லாரும்தானே?”

“ஓட்டுங்கறது ஒரு அபிப்பிராயம்மா. அதுக்காக வேலை வெட்டிய விட்டுட்டு வர முடியுமா? குடும்பம் குட்டின்னு இருக்குல்ல.”

“அண்ணனுக்கும் இருந்துச்சு.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

கதவருகில் நின்றிருந்த அண்ணி, அழைப்பு முடிந்ததும் சொன்னாள்: “‘ஆம்’னு போட்டுத் தொலைக்காத. அவரை உக்கார வச்ச அதே நாற்காலி. இப்ப உன்ன உக்கார வைக்கப் பார்க்கிறாங்க.”

‘இல்லை’ போட்டேன். திரை நிறையப் பச்சை ‘ஆம்’கள், ஒவ்வொன்றின் கீழும் அண்ணனைப் பற்றி உருக்கமாக இரண்டு வரி. நடுவில் என் சிவப்பு. தீர்மானம் நிறைவேறியது. அப்பாடா, இனி ‘ஆம்’ போட்டவர்கள் பாடு என்றிருந்தது.

பிறகு, பழைய பதிப்பை வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் குழுவுக்கு எழுதினாள். ‘குழந்தைகளுக்கான சீட்டில் புள்ளி அச்சாகவில்லை. ஒன்றரை மில்லி, பதினைந்து என்று வருகிறது. இப்போதைக்குப் பேனாவால் திருத்துகிறோம்.’

காத்திருந்தேன். பச்சைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வருத்த முகம் போட்டுவிட்டுப் போனார்கள். மீசை, ‘அவசியம் பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். யார் என்று எழுதவில்லை.

எழுந்து ஜன்னல்வரை போனேன். பேனாவை எடுக்க மறந்துபோகிற ஒரு கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

காபியோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நீ ‘இல்லை’ன்னுதானே போட்ட?”

“ஆமா அண்ணி” என்று திரும்பாமலே சொல்லி, அவன் நாற்காலியை மேசைக்கு இழுத்துக்கொண்டேன்.