கையைத் தொங்கவிட்டால் போதும்

மேடையில் கழுத்தை நெரிப்பது எப்படி என்று தெரியுமா? நெரிக்கிறவர் தன் கையை வெளிப்பக்கம் இழுப்பார். சாகிறவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கழுத்தோடு சேர்த்து இழுப்பாள். பார்க்கிறவர்களுக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். கழுத்தில் ஒரு விரல்கூட அழுந்தாது. நிஜமாகவே வலித்தால் இரண்டு கையையும் தொப்பென்று தொங்கவிட வேண்டும். போதும், விடு என்று அர்த்தம்.

ராணியம்மாவுக்கு இதெல்லாம் பால்பல் விழும் முன்பே அத்துப்படி. பழைய செய்யுள் நாடகங்களைக் கரைத்துக் குடித்தவள். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரல் போகும். மேடையில் ராஜாவாக நடித்தவரையே கட்டிக்கொண்டாள். ஆட்டத்துக்கு ஆட்டம் ராஜா சந்தேகப்பட்டு அவளைக் கொல்லுவார். வீட்டுக்கு வந்ததும் அவள் காலைப் பிடித்துவிடுவார்.

சினிமா கூப்பிட்டது. முதலில் அழுகிற அக்கா, அப்புறம் அழுகிற அம்மா. ஒருவழியாகப் பெரிய வேஷம் கிடைத்தது, புருஷன் கையால் சாகிற பெண்டாட்டி. நாடகக் குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் துணைக்குப் போனாள்.

கதாநாயகனை எல்லோரும் சின்னவர் என்றுதான் கூப்பிட்டார்கள். ராணியம்மா அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள், அவனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். அவள் பொட்டைச் சரிசெய்யப் போன நேரத்தில் டைரக்டர் அவன் காதைக் கடித்தார்.

"நிஜமாவே நெரிச்சுடு. அந்தம்மா நடிச்சே சமாளிச்சுடும். எனக்கு நடிப்பு வேணாம்."

படுபாவி சொன்னான், முட்டாள் செய்தான்.

விரல்கள் கழுத்தில் புதைந்தன. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பழக்கதோஷம், அவன் கையைப் பிடித்துத் தன் கழுத்தை நோக்கி இழுத்தாள். அவன் பலமும் அவள் பலமும் சேர்ந்து அவளையே நெரித்தன. கண் பிதுங்கியது. வாயில் ரத்தம் கரித்தது. அப்போதுதான் உறைத்து, இரண்டு கையையும் தொங்கவிட்டாள்.

"பிரமாதம்," என்றார் டைரக்டர். "கட் பண்ணாத, ஓடட்டும்."

அந்தத் தளத்தில் அந்தச் சைகை தெரிந்தவள் ஒருத்திதான். நாத்தனார் கையிலிருந்த எவர்சில்வர் பிளாஸ்கோடு ஓடிப்போய்ச் சின்னவன் மண்டையில் ஒரே போடு போட்டாள். அவன் மண்டை பிளந்து அண்ணி மடியிலேயே விழுந்தான்.

"அது நடிப்பில்லடா. அவங்க கையை விட்டுட்டாங்க."

படம் ஓடியது. அந்தக் காட்சிக்கு விசில் பறந்ததாம், கேட்கவே வயிறு எரிகிறது. ராணியம்மாவுக்குச் சினிமாவே கசந்துவிட்டது. நெரிபட்டதில் போன குரல் மட்டும் திரும்பினால் போதும், மேடைக்கே போய்விடலாம் என்று ஏங்கினாள். டாக்டர் சொன்னபடி குரல் திரும்பியது, முன்னைவிடக் கொஞ்சம் கனத்து.

"உனக்குக் கஷ்டமா இருந்தா நாடகத்துல அந்த நெரிக்கிற காட்சியே வேணாம்," என்றார் புருஷன்.

"உங்க கைதானே," என்று அவள் சிரித்தாள்.

ஒத்திகையில் அவர் கழுத்தைத் தொடாமல் கையை அவள் தோளோடு நிறுத்திக்கொண்டார். பாசம்தான், வேறென்ன. அதுதான் தப்பாகப் போயிற்று.

அரங்கம் நிரம்பி வழிந்தது. குரல் கணீரென்று கடைசி வரிசையைத் தொட்டபோது அவளுக்கே அழுகை வந்தது. ராஜா நெருங்கி, பூவைத் தொடுகிற மாதிரி அவள் கழுத்தைத் தொட்டார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சுண்டுவிரலைப் பிடித்து முறித்தாள். அந்தச் சத்தம் முன்வரிசைவரை கேட்டது. அவர் முனகக்கூட இல்லை, மேடைப் பழக்கம். முழங்காலால் அவர் வயிற்றில் இடித்துத் தரையில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் குரல்வளையைப் பிடித்தாள். கதை மாறிவிட்டது என்று நினைத்து ஜனம் எழுந்து நின்று கைதட்டியது.

"நான்தாம்மா," என்றார் அவர், காற்றாக. பிறகு இரண்டு கையையும் தொங்கவிட்டார்.

அவள் அதைப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்றும் அவளுக்குத் தெரியும். கைதான் விடவில்லை.

பக்கத்திரையைக் கிழித்துக்கொண்டு நாத்தனார் ஓடி வந்தாள், இந்த முறை அண்ணனைக் காப்பாற்ற.