நடைபாதைக்கு மேல் தொங்கிய சாவி

உங்கள் வீட்டை நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? கதவு எண்ணையா, வாசல் விளக்கையா? கால் தானாகப் போய் நிற்கும் என்பீர்கள். சரி, ஒரு நாள் அந்தக் காலுக்கும் மறந்துபோனால்?

சாவிக்காரரின் மனைவிக்கு அப்படித்தான் ஆனது. அவர்கள் இருந்த தெருவில் எல்லாக் கட்டடமும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருக்கும். கீழே கடை, மேலே குடித்தனம், பக்கத்தில் சாம்பல் நிறக் கதவு. ஆனால் சாவிக்காரர் கடைக்கு மட்டும் ஒரு தனி அடையாளம் உண்டு. சுவரிலிருந்து நீட்டிய இரும்புக் கம்பியில், நடைபாதைக்கு மேலே, ஆள் கை நீளத்துக்கு ஒரு தகரச் சாவி தொங்கும். மஞ்சள் நிறம். தெருமுனையில் திரும்பும்போதே கண்ணில் படும்.

அந்த அம்மாவுக்குப் பெயர்கள் போய்விட்டன, கிழமைகள் போய்விட்டன, அடுப்பில் வைத்த பால் பல தடவை போய்விட்டது. மஞ்சள் சாவி மட்டும் போகவில்லை. சாயங்காலம் பூங்கா வரை தனியாக நடப்பாள், சாவியைப் பார்த்துத் திரும்பி வருவாள். மாடி ஏறும் முன் கடைக்குள் தலையை நீட்டி, "ஏங்க, வந்துட்டேன்" என்பாள்.

டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார், கதவைப் பூட்டி வையுங்கள் என்று. அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவள் சாவிக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஊருக்கெல்லாம் பூட்டு போடுறீங்க, சரி. என்னை மட்டும் வச்சுப் பூட்டிடாதீங்க."

"பைத்தியமா உனக்கு? நான் எதுக்குடி பூட்டப் போறேன்?"

"பைத்தியம் ஆனாலும் பூட்டக் கூடாது."

"பூட்ட மாட்டேன். போதுமா?"

இதற்கிடையில் நகராட்சி புது விதி போட்டது. எந்தக் கடைப் பலகையும் இனி நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, சுவரோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே அனுமதி வாங்கித் தொங்குவது மட்டும் இருக்கிறபடியே இருக்கலாம், கழற்றினால் அனுமதி போய்விடும். பலகைகளைப் பார்வையிட வரும் அதிகாரியை அந்தத் தெருவில் 'பலகை மேடம்' என்பார்கள். நல்ல பெண். கடை கடையாக வந்து பொறுமையாக விளக்கிவிட்டுத்தான் போனாள். சாவிக்காரரும் தலையாட்டினார். கழற்றுவது என்றால், கடையைக் காலி செய்துகொண்டு போகிறவன் கழற்றுவது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அந்த அம்மா சாவிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி தயங்கினாள். சாவிக்காரர் வெளியே வந்து பார்த்தார். வெயிலில் மஞ்சள் வெளுத்து, பழைய எலும்பு மாதிரி இருந்தது. மறுநாளே ஏணி போட்டு இறக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு நீக்கி, கண்ணைப் பறிக்கிற மஞ்சளாகப் பார்த்து வாங்கிப் பூசி, கடைக்குள் இரண்டு முக்காலிகளின் மேல் காயவைத்தார். அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஈரத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய மஞ்சளைக் காட்டிச் சிரித்தாள்.

எதிர்ச் சாரி சலவைக்கடைக்காரர் வெறும் கம்பியைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "என்னண்ணே, சாவியத் தொலைச்சா ஊரே உங்ககிட்ட வருது. நீங்களே தொலைச்சிட்டா யார்கிட்ட போவீங்க?"

"உன் கடையிலதான் தேடணும். குடுத்த சட்டையே திரும்ப வர்றதில்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் பலகை மேடம் வாசலில் நின்றாள். கம்பியைப் பார்த்தாள், முக்காலிகளைப் பார்த்தாள்.

"கழட்டிட்டீங்களா?"

"காயுது மேடம். நாளைக்கு மாட்டிடுவேன்."

"மாட்ட முடியாதுங்க. கழட்டினா அனுமதி போச்சுன்னு சொன்னேனே."

"பெயிண்ட் அடிக்கத்தானே மேடம் இறக்கினேன்!"

"ஏணியில நின்னு மேலேயே அடிச்சிருக்கலாமே. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. அவர் மனைவியின் நிலையைச் சொன்னார். மேடம் அந்த மஞ்சள் விரலைப் பார்த்தாள். மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்று போனவள், அந்த வாரமே திரும்பி வந்தாள். முகத்திலேயே பதில் இருந்தது.

"ஒருத்தருக்கு வளைச்சா தெருவே வளையும்ங்கிறாங்க. சுவரோட ஒட்டி மாட்டுங்க, இப்பவே கையெழுத்து போட்டுத் தர்றேன்."

மாட்டினார். சுவரோடு ஒட்டிய சாவியை எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தால் அழகுதான். நடைபாதையில் வருகிறவருக்கு அது தகர விளிம்பு, அவ்வளவே. அன்று அந்த அம்மா கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். உள்ளே மும்முரமாக அரம் போட்டுக்கொண்டிருந்த சாவிக்காரர் கவனிக்கவில்லை. சலவைக்கடைக்காரர் ஓடிப் போய், வண்டிகள் போகும் பெரிய சாலையின் ஓரத்திலிருந்து கூட்டி வந்தார்.

"அண்ணே, விளையாட்டு இல்ல. கதவப் பூட்டுங்க" என்றார் மூச்சிரைக்க.

"பூட்ட மாட்டேன்."

அடுத்த நாள் சாயங்காலம் சாவிக்காரர் சாவியைச் சுவரிலிருந்து எடுத்தார். தோளில் தூக்கிக்கொண்டு நடைபாதை நடுவில் போய் நின்றார். "பலகைக்குத்தானே அனுமதி வேணும்? ஆளுக்கு வேணாமே" என்றார். சலவைக்கடைக்காரருக்கு இந்தத் தடவை கிண்டல் வரவில்லை.

தெருமுனையில் அவள் திரும்பினாள். மஞ்சளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நடையில் வேகம் கூடியது. நேராக வந்து சாவியைத் தொட்டாள், தடவினாள். ஜெயித்துவிட்டோம் என்று சாவிக்காரர் நினைத்தார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இது எங்க வீட்டுச் சாவிண்ணே. ஏன் கழட்டினீங்க?"

அவள் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்த இடத்துல மாட்டிடுங்கண்ணே. இல்லாட்டி எனக்கு வீடு தெரியாது. உள்ள எங்க வீட்டுக்காரர் காத்துட்டிருப்பாரு. பாவம், நான் வராம சாப்பிட மாட்டாரு."

அவர் சாவியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"வாங்கம்மா," என்றார். "வீடு எனக்குத் தெரியும். நான் காட்டுறேன்."

"நல்லா இருப்பீங்கண்ணே."

சாவியின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தாள். மாடிப்படியில் ஏறும்போது, "வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் எடுத்தீங்கன்னு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் சாவிக்காரர் மாடிக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு பூட்டு பொருத்தினார். பூட்டித் திறந்து பார்த்தார். நன்றாக வேலை செய்தது. பூட்டிவிட்டுக் கடைக்கு இறங்கினார்.