பிந்தி விழும் இடது கால்

அனுசியாவின் இடது கால் பிந்தி விழுந்தது.

தாளக்கட்டை ஒலிப்பதிவுக்கு ஆடி, கைபேசியில் எடுத்த காணொலியை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தட்டடவு என்பது பரதத்தில் முதல் பாடம். முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி அரைமண்டியில் இருந்து, பாதத்தைப் பின்னால் தூக்கி, தரையில் தட்டையாக அறைய வேண்டும். பாதம் தரையில் பட்டதும் காலின் ஓட்டம் நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் சலங்கை மணிகள் எல்லாம் ஒருசேரக் குலுங்குகின்றன. ஆகவே பாடுபடுவது பாதம் என்றாலும், பார்க்க வந்தவர் காதுக்குப் போவது சலங்கையின் ஓசைதான். தாளக்கட்டையின் ஓசையும் சலங்கையின் ஓசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஓசையாகிவிட்டால் கால் சுத்தம்.

வலது கால் சுத்தமாக இருந்தது. இடது காலில் மட்டும், கட்டை தட்டி முடிந்தபின் ‘சல்’ என்று ஒரு வால் தொங்கியது. மயிரிழைதான். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் தொங்கியது.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்த பேராசிரியை அதே காணொலியைப் பார்த்துவிட்டுக் குரல்செய்தி அனுப்பியிருந்தார். “அனுசியா, லெஃப்ட் லேட்டா வருதும்மா. உனக்கு அப்படி வராதே. செலக்‌ஷனுக்கு முன்னாடி சரிபண்ணிரு.”

உனக்கு அப்படி வராதே. அந்தச் சொல்லைத்தான் அவள் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். இளங்கலை படித்த ஆண்டுகள் முழுக்க யாரும் அவளுடைய இடது காலைக் குறை சொன்னதில்லை. மே மாதம் படிப்பு முடிந்து சொந்த ஊரான குற்றாலத்துக்கு வந்தாள்; சாரல் தொடங்கியது; கால் பிந்தத் தொடங்கியது. எம்.எஃப்.ஏ. முதுகலையில் சேர அடுத்த வாரம் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தேர்வாளர்கள் முன்னால் ஆடிக்காட்ட வேண்டும்.

ஆனால் அவள் பயந்தது தேர்வுக்கு இல்லை.

அவளுடைய அம்மா ஆனந்தவள்ளிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இடது பாதம் சொன்ன பேச்சைக் கேட்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு பாதத்தின் முன்பக்கம் தொங்கிப்போய், நடக்கும்போது ‘சப் சப்’பென்று தரையை அடித்தது. இப்போது இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் பட்டை மாட்டித்தான் நடக்கிறாள். நரம்பில் வரும் நோய், பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். அனுசியா அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பாதிக்குப் பாதி என்றால் காசைச் சுண்டிப் போடுவதுபோல. அவள் பிறந்தபோதே சுண்டியாயிற்று. காசு இன்னும் மூடிய கைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

டாக்டர் அம்மாவைக் குதிகாலில் நடக்கச் சொன்னது நினைவிருந்தது. நோய் முதலில் பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்கும் தசையைத்தான் பலமிழக்கச் செய்யும். அது போனால் குதிகாலில் நடக்க முடியாது. அனுசியா காலையிலும் மாலையிலும் கீழே தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குதிகாலில் நடந்து பார்த்தாள். முடிந்தது. நிம்மதியும் வந்தது, தேநீர் ஆறும் நேரத்துக்கு. அம்மாவும் ஆரம்பத்தில் நடந்திருப்பாளே என்று தோன்றியதும் அது போய்விட்டது. சலங்கையைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்த்தாள். அவள் ஆடும் மாடியறைக்குத் தகரக் கூரை. சாரல் அதன்மேல் ஓயாமல் இரைந்தது. வெறும் பாதத்தின் ஓசை அந்த இரைச்சலில் கரைந்துபோனது. பிந்தியதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கண்ணால் பார்க்கலாம் என்றால், மேகமூட்டத்தில் எடுத்த காணொலியில் கால் ஒரு மங்கல் கோடாகத்தான் தெரிந்தது.

அன்று காலை ஜாய் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். கூடப் படித்தவள், ஆட்டத்தைவிடத் தாளம் சொல்வதில் கெட்டிக்காரி. மாடிக்கு வந்ததும் தாளக்கட்டையை மடியில் வைத்துத் தட்டினாள். அனுசியா ஆடினாள். கொஞ்ச நேரத்தில் ஜாயின் கை நின்றது.

“ஏட்டி, இடது பிந்துது.”

“தெரியும்.”

“என்ன, ஊர்ல வந்து புரோட்டாவா தின்னு காலு கனத்துப் போச்சா?”

அனுசியா சிரிக்கவில்லை. “நான் எம்.எஃப்.ஏ.க்குப் போகல ஜாய்.”

“ஒரு காலு பிந்துனதுக்கா? அப்போ எனக்கு ரெண்டு காலும் பிந்தும். நான் எங்கன போக?”

அனுசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே அவளுடைய அப்பா வல்லிநாயகம், சீசனுக்கு ஓட்டும் வேனின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் நனைந்திருந்தது.

ஜாய் எட்டிப் பார்த்தாள். “என்ன அங்கிள், மழைல குத்த வச்சிருக்கிய?”

“வண்டி இடது பக்கமா இழுக்குதும்மா.”

“டயரா?”

“டயரா, வண்டியான்னு தெரியல. அதான் முன்டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போடுதேன். இழுப்பும் கூடவே வலது பக்கம் போச்சுன்னா கோளாறு டயர்ல. டயரு போயும் இழுப்பு இடது பக்கமே நின்னுச்சுன்னா வண்டிக்குத்தான் நோவு.”

“நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் அங்கிள்.”

“படிச்சிருந்தா மொத ஆளா ஒன் வாய்க்குத்தான் தையல் போட்டிருப்பேன்.”

ஜாய் சிரித்துக்கொண்டே திரும்பினாள். அனுசியாவின் கண் இன்னும் கீழே கழற்றிக் கிடந்த டயரில் இருந்தது.

“ஏட்டி, நாமளும் சலங்கைய மாத்திக் கட்டிப் பாப்பமா?” என்றாள் ஜாய், விளையாட்டாக.

அதேதான் அனுசியாவின் மனதிலும் ஓடியது. சலங்கை இடம் மாறும், கால் மாறாது. பிந்தல் சலங்கையோடு வலது காலுக்குப் போனால் கோளாறு சலங்கையில். இடது காலிலேயே நின்றுவிட்டால்? இதுவரை அவளிடம் இருந்தது சந்தேகம். சந்தேகத்தோடு சோறு தின்னலாம், தூங்கலாம். ஒருமுறை மாற்றிக் கட்டி ஆடிவிட்டால் மூடிய கை திறந்துவிடும்.

“மாத்திக் கட்டக் கூடாது,” என்றாள். “வலதுக்குன்னு பூசை பண்ணிக் குடுத்தது வலதுலதான் கட்டணும். மேடம் சொல்லிருக்காங்க.”

“மேடம் இங்கன வந்தா பாக்கப் போறாங்க?”

“கூடாதுன்னா கூடாது. விடு.”

ஜாய் தாளக்கட்டையைக் கீழே வைத்தாள். டீ போட்டு எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் படியில் அந்த ஓசை கேட்டது. ஒரு கால், பிறகு கைப்பிடியைப் பிடிக்கும் கை, பிறகு மறுகால். ஆனந்தவள்ளி மாடிக்கு வருவதே இல்லை. வாசலில் மூச்சு வாங்க நின்று, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“கூப்பிட்டா நான் வந்திருப்பம்லா,” என்றாள் அனுசியா.

“நீ குதிகால்ல நடக்கத கதவிடுக்குல பாத்தேன்ட்டி.”

அனுசியா குனிந்து சலங்கையைக் கழற்றத் தொடங்கினாள்.

“எனக்கு வந்தப்போ நான் செருப்பு மேல பழியப் போட்டேன்,” என்றாள் ஆனந்தவள்ளி. “இடது செருப்பு தேஞ்சு போச்சு, அதான் காலு இடறுதுன்னேன். புதுசு வாங்குனேன். அதுக்கும் இடறுச்சு. தென்காசில கடை கடையா ஏறி எறங்குனேன். எத்தன செருப்பு மாத்துனாலும் காலு அதே காலுதான?”

“அதான் பயமா இருக்கும்மா. இப்போ சலங்கைய மாத்தி, எனக்கும் அப்படி ஆயிட்டுன்னா?”

“கோளாறு காலுலதான்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யார்ட்டயும் சொல்லல. அந்த வருசம் ஒங்கப்பா செண்பகாதேவி அருவிக்கு நடந்து போவோம்னு கூப்பிட்டாரு. மலையேறுனா காலு காட்டிக் குடுத்துரும்னு தலவலின்னு படுத்துக்கிட்டேன். அப்போ என்னால ஏற முடிஞ்சிருக்கும்ட்டி. இந்த ஊர்லயே பொறந்து வளந்து இன்னைக்கு வர நான் அந்த அருவியப் பாத்ததில்ல.”

அனுசியா அம்மாவின் காலில் மாட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள்.

“மாத்திக் கட்டு,” என்றாள் அம்மா. “நான் இங்கனயே இருக்கேன்.”

ஜாய் டீத்தம்ளர்களோடு வந்து, இருவர் முகத்தையும் பார்த்து, தம்ளர்களை ஓசையில்லாமல் ஓரமாக வைத்தாள். அனுசியா தரையில் உட்கார்ந்து இடது சலங்கையை வலது காலிலும் வலதை இடது காலிலும் வைத்தாள். வார் ஒரே தடவையில் கொக்கியில் ஏறவில்லை. கால் மாறிப் போனதால் கொக்கி உள்பக்கம் திரும்பிக் கணுக்காலில் குத்தியது. எழுந்து அரைமண்டியில் நின்றாள்.

“தட்டு,” என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

ஜாய் தட்டினாள். வலது கால் விழுந்தது. கட்டை, பிறகு ‘சல்’. வால் தொங்கியது. இடது கால் விழுந்தது. ஒரே ஓசை.

அவள் நம்பவில்லை. “இன்னொரு மட்டம். வேகமா.”

வலது பிந்தியது. இடது சுத்தம்.

பழையபடி மாற்றிக் கட்டி ஆடினாள். பிந்தல் இடது காலுக்குத் திரும்பி வந்தது. மறுபடி மாற்றினாள். சலங்கையின் பின்னாலேயே வலது காலுக்குப் போனது.

“காலு இல்லட்டி,” என்றாள் ஜாய் மெதுவாக. “சலங்க.”

அனுசியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகு இடது சலங்கையைக் கழற்றி மடியில் வைத்துப் புரட்டினாள். மணிகள் தைத்த தோல் பட்டை ஊறிப்போய், ஓரமெல்லாம் குங்குமக் கறையோடு, பூஞ்சை நாற்றம் அடித்தது. வலது சலங்கையின் தோலோ விறைப்பாக, உலர்ந்து இருந்தது. ஒரே வீடு, ஒரே சாரல். பிறகு ஏன் ஒன்றுமட்டும்?

திரும்பிப் பார்த்தாள். நடராசர் படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளம் இருந்தது. சலங்கையைத் தரையில் வைக்கக் கூடாது; ஆடி முடித்ததும் தாம்பாளத்தில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிட வேண்டும். கட்டும்போது வலதைத்தான் முதலில் கட்டுவது வழக்கம் என்பதால், எடுக்கத் தோதாக வலதை மேலேயும் இடதைக் கீழேயும் அடுக்குவாள். பல்கலைக்கழகம் இருந்த ஊரில் வெயிலுக்குப் பூவே மாலைக்குள் சருகாகிவிடும். இங்கே தினமும் முற்றத்தில் பறித்த பூ, மழைநீரோடு வந்தது. நீர் வடிந்து தாம்பாளத்தின் அடியில் தேங்கியது. கீழே கிடந்த இடது சலங்கை இரவெல்லாம் அதில் ஊறியது.

ஊறிய தோல் இளகும், கனக்கும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஆட ஆட நெகிழ்ந்துவிடும். பாதம் தரையில் பட்டு நின்ற பிறகும் பட்டை நிற்காமல் ஒரு விரற்கடை கீழே சறுக்கி, கணுக்கால் எலும்பில் முட்டித்தான் நின்றது. மணிகள் குலுங்கியது அப்போதுதான். கால் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. சலங்கைதான் அந்த விரற்கடைத் தூரத்தைக் கடந்து பிந்தி வந்து சேர்ந்தது.

கீழே வேன் புறப்படும் ஓசை கேட்டது. அப்பா ஓட்டிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அம்மாவின் நோய் தனக்கு வருமா வராதா என்பதற்கு இதில் பதில் இல்லை என்று அனுசியாவுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. தேர்வு முடிந்து வந்ததும் திருநெல்வேலிக்குப் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு இடது சலங்கையின் தோலைத் துணியால் ஒற்றி, சமையலறை அடுப்புக்கு மேலே, சற்றுத் தள்ளி, ஒரு கொடியில் தொங்கவிட்டாள். மறுநாள் அது விறைத்திருந்தது. இரண்டு கணுக்கால்களிலும் பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, பட்டை சறுக்காதபடி அதன்மேல் சலங்கையை இறுக்கிக் கட்டினாள். ஆடி முடித்ததும் பூவைப் படத்துக்கு மட்டும் போட்டாள். தாம்பாளத்தைத் துடைத்துக் கவிழ்த்து, சலங்கைகளை அதன்மேல் அடுக்காமல் பக்கம் பக்கமாக வைத்தாள். அடுத்த நாள் ஒலிப்பதிவுக்கு ஆடியபோதும் இடது காலின் ஓசை கட்டையோடு சேர்ந்தே விழுந்தது.