புண்பட்டவர் தேவை

யாருக்கும் மனம் புண்படவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் சிகாமட் ஊரில் அந்தக் காணொளியைப் பார்த்த மலாய்க்காரர்கள் சிரித்தார்கள். சீனர்கள் சிரித்தார்கள். தமிழர்களும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள். புண்படக்கூடும் என்பதைக் கண்டுபிடித்தவர் தங்கரத்தினம் ஒருவர்தான்.

தங்கரத்தினம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் போகாததால் நல்லிணக்கச் சங்கத்துக்குத் தலைவரானார். சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு, ஒரு பாலர் பள்ளி உண்டு, ஆண்டுக்கு ஒரு நல்லிணக்கப் பொங்கல் உண்டு. ஆறு பொங்கி ஊருக்குள் வரும்போது எல்லா இனத்து ஆட்களும் அதே மண்டபத்தில்தான் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒரே பானைக் கஞ்சியைக் குடித்து, ஒரே கழிப்பறைக்கு வரிசையில் நின்று சண்டை போடுவார்கள். தங்கரத்தினம் அதை நல்லிணக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. நல்லிணக்கம் என்றால் அவருக்கு ஆளுக்கொரு உடை வேண்டும், படம் பிடிக்க ஆள் வேண்டும்.

இந்த ஆண்டுப் பொங்கலுக்கு ஒய்.பி., அதாவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் பால் பொங்கிவிட்டது. பெண்கள் பானையைக் கவிழ்த்துவிட்டுப் புதுப் பால் ஊற்றினார்கள். அதுவும் பொங்கியது. பால் மூன்றாவது முறையாகச் சூடாகிக்கொண்டிருந்தபோது வேறொரு விபரீதம் தெரியவந்தது. சீனர் சார்பில் நிற்க வேண்டிய பெயிண்ட் கடை லிம், சீனப் பெருநாள் சரக்கு எடுக்க ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார். தங்கரத்தினம் கலங்கவில்லை. லிம்முக்கென்று வாங்கி வைத்திருந்த, டிராகன் போட்ட சிவப்புப் பட்டுச் சட்டையை எடுத்து மண்டபத்தின் நேப்பாளக் காவலாளி பகதூருக்கு மாட்டிவிட்டு, பானைக்கு வலப்பக்கம் நிற்க வைத்தார். பகதூர் நின்றான். நிற்பதுதானே அவன் வேலை.

இரவு ஷிப்ட் முடிந்து நேராகச் சாப்பிட வந்திருந்த யுகேந்திரன் கடைசி வரிசையில் இருந்து இதைப் பார்த்தான். பாலிடெக்னிக்கை இரண்டாம் செமஸ்டரோடு விட்டவன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளிக்கு மூடி அடிக்கிறான். பக்கத்தில் அதே இயந்திரத்தில் வேலை செய்யும் ஹபிஸ் இருந்தான். யுகேந்திரனின் போனை ஹபிஸ்தான் தூக்கிப் பிடித்தான். யுகேந்திரன் காற்பந்து நேர்முக வர்ணனைக் குரலில், மலாயில் பேச ஆரம்பித்தான்.

"பால் மூணாவது தடவயா களத்துல எறங்குது. ஒய்.பி. இன்னும் வரல. வலது பக்கம் சீனர் சார்பா நம்ம பகதூர் ஆடுறாரு. நேத்து வரைக்கும் நேப்பாளத்துக்கு ஆடினவரு, இன்னிக்கி காலையிலதான் டீம் மாறினாரு. சட்ட பத்தல, ஆனா ஆட்டக்காரர் ரொம்ப நம்பிக்கையா நிக்கிறாரு..."

அவ்வளவுதான். யுகேந்திரன் அதை இணையத்தில் ஏற்றினான். பின்னணியில் ஹபிஸ் சிரிப்பது கேட்கும். குளிரில் கிளம்ப மறுக்கும் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தால் வரும் சத்தம் அது. காணொளியைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சிரிப்புக்காகவே மறுபடி பார்த்தார்கள்.

தங்கரத்தினம் போலீசில் புகார் கொடுத்தார். புகார் கொடுத்தது பெரிதில்லை. இங்கே புகாரின் நகலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிலைய வாசலில் படம் எடுத்துக்கொண்டால்தான் அது புகார். சீனச் சமூகத்தை இழிவுபடுத்தினான், ஒற்றுமையைக் கெடுத்தான், மற்ற இனத்தவர் மனம் புண்படுமுன் சங்கமே முந்திக்கொண்டது என்று நிருபர்களிடம் சொன்னார். அடுத்த வேலையாக, சங்கப் பாலர் பள்ளியின் ஆசிரியை ரூபினியைக் கூப்பிட்டார். ரூபினி யுகேந்திரனின் அக்கா.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவனின் காற்றாடியை நிறுத்தினாள்.

"எந்திரி. தலைவரு கூப்ட்டு பேசினாரு."

"என்னவாம்?"

"உன் தம்பி வீடியோவுல மன்னிப்பு கேட்டா நீ எப்பவும் போல வரலாம். இல்லன்னா வேற டீச்சர பாக்கணும்னு சொன்னாரு. ரொம்ப மரியாதயா சொன்னாரு. பிஸ்கட்டு வேற குடுத்தாரு."

"நேப்பாளிக்கு சீன சட்ட மாட்டுனது அவரு. மன்னிப்பு நான் கேக்கணுமா?"

"ஆமா. அவரு தலைவரு. நீ வாளி மூடி."

யுகேந்திரன் எழுந்து உட்கார்ந்தான். "நீ அதப் பாத்து சிரிச்சியா இல்லியா?"

"சிரிச்சேன். பள்ளிக்கூட டாய்லெட்டுல ஒளிஞ்சி நின்னு மூணு தடவ பாத்தேன். அதுக்கு என்ன இப்ப?" அவள் கைப்பையைக் கட்டிலில் எறிந்தாள். "எனக்கு டிப்ளோமா கெடையாது, யுகேன். வேற எந்தப் பாலர் பள்ளியும் என்ன வாசல்ல கூட நிக்க விடாது. அந்த வாண்டுங்களுக்கு மூக்கு தொடச்சி, அ ஆ சொல்லிக் குடுக்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் புடிக்கவும் செய்யுது. உன் சுதந்திரத்த வேற யாரு வேலய வெச்சாவது காப்பாத்து."

அவன் நின்றுபோன காற்றாடியைப் பார்த்தான்.

"சரி."

"என்ன சரி?"

"கேக்கறேன் லா. காத்தாடிய போடு."

இந்த நாட்டில் மன்னிப்புக் காணொளிக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. குற்றவாளி நடுவில் நிற்பான். இருபுறமும் புண்பட்டவர்கள் நிற்பார்கள், இனத்துக்கு ஒருவர் வீதம். அவன் காகிதத்தைப் பார்த்துப் படிப்பான், அவர்கள் மன்னிப்பார்கள், எல்லாரும் கைகுலுக்குவார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டான். புண்பட்டவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. சீனருக்கு லிம்மையே பிடித்தார்கள். மலாய்க்காரருக்கு, உன் தொழிற்சாலையில் இருந்தே நல்ல பையனாக ஒருவனை அனுப்பு என்று தங்கரத்தினம் மேலாளரைக் கேட்டார். மேலாளர் ஹபிஸை அனுப்பினார். சுராவில், அதாவது சிறு தொழுகைக் கூடத்தில், துப்புரவு வேலைக்கு முதலில் வருகிறவன், தெளிவாகப் பேசுகிறவன், முகமும் நன்றாக இருக்கும்.

ஹபிஸுக்கும் யுகேந்திரனுக்கும் பேச்சு எப்போதும் மலாயில்தான். "அலமாக்! நான் எடுத்த வீடியோவுக்கு நானே புண்படணுமா?" என்று மண்டப வாசலில் கிசுகிசுத்தான் ஹபிஸ். "மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. நான் சட்டுனு மன்னிச்சிடறேன். நீ சட்டுனு அழு. போய் சாப்பிடலாம்."

உள்ளே லிம் தனக்கு அதிர்ஷ்டக் குலுக்கலில் ஏதோ விழுந்திருக்கிறது என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்தார். ரூபினி பட்டுப்புடவையில் பன்னீர்ச் செம்போடு நின்றாள், பெண்கள் சார்பில். பகதூர் தன் பழைய சீருடையில், ஒரு நாற்காலி மேல் ஏறி, குற்றவாளியின் முகத்தில் வெளிச்சம் விழும்படி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காகிதத்தைத் தங்கரத்தினமே எழுதியிருந்தார். யுகேந்திரன் படித்தான். பாதியில் நின்றான்.

"இது என்னங்க? 'படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் அறியாமையில் பேசிவிட்டேன்'?"

"அது உனக்கு நல்லது தம்பி. அறியாம செஞ்சான்னா ஜனங்க எரக்கப்படுவாங்க."

"நான் அறிஞ்சிதானே பேசினேன்."

பன்னீர்ச் செம்பு தட்டில் இடித்துச் சத்தம் எழுப்பியது. யுகேந்திரன் அக்காவைப் பார்க்கவில்லை. அந்த வரியைப் படித்தான். தங்கரத்தினம் கேட்டபடி தலையைக் குனிந்து இன்னொரு முறையும் படித்தான்.

லிம் "பரவால்ல, பரவால்ல" என்றார். அடுத்து ஹபிஸ். "ஒரு மலாய்க்காரனா எனக்கு மனசு வலிச்சுது," என்று ஆரம்பித்தான். உதடு கோணியது. தங்கரத்தினம் கையை உயர்த்தினார்.

"தம்பி, வலி தெரியல. கொஞ்சம் ஃபீல் பண்ணி."

இரண்டாவது முறை ஹபிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மூன்றாவது முறை எங்கிருந்து வந்ததோ, குரல் உடைந்தது. பல இனமாய்ப் பிறந்தது நம் குற்றமா, ஒருவரை ஒருவர் கேலி செய்தால் நம் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று காகிதத்தில் இல்லாததையெல்லாம் பேசினான். கண் கலங்கியது. யுகேந்திரன் கையைப் பிடித்து, "உன்னை மன்னிக்கிறேன், சகோதரா" என்றான். பிரமாதமாக நடிக்கிறானே என்று யுகேந்திரன் உள்ளங்கையைச் சுரண்டிச் சைகை காட்டினான். பதில் சுரண்டல் வரவில்லை.

அந்தக் காணொளி ஓட்டமாய் ஓடியது. ரூபினி பாலர் பள்ளிக்குப் போனாள். யுகேந்திரன் மூடி அடித்தான். ஹபிஸ் மட்டும் வேறொரு ஆளானான். சுரா பெரியவர்கள் தொழுகைக்குப் பிறகு அவனைப் பேச வைத்தார்கள். பழைய பள்ளி ஆசிரியை ஒருவர் உன்னைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள் என்று எழுதினார். ஒய்.பி. தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இயந்திரத்தடியில் யுகேந்திரன் அந்த வர்ணனைக் குரலில் ஏதாவது ஆரம்பித்தால், ஹபிஸுக்கு மூடி எண்ணுகிற அவசர வேலை வந்துவிடும்.

ஒரு காலை, ஷிப்ட் முடிந்து இருவரும் ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹபிஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தான், சாப்பிடவில்லை.

"யுகேன், அந்த முதல் வீடியோவ அழிச்சிட்டியா?"

"எப்பவோ."

"மத்தவங்ககிட்ட இருக்குமே."

"இருக்கும்."

"அதுல ஒரு சிரிப்பு வருது."

"வருது. உன் சிரிப்பு."

"யாராச்சும் கேட்டா நான் இல்லன்னு சொல்லிடு."

யுகேந்திரன் தே தாரே டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஹபிஸ் விளையாடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

"யோசிச்சுப் பாத்தா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது லா," என்றான் ஹபிஸ்.

"எங்க வலிக்குது? மலாய்க்காரங்களப் பத்தி நான் அதுல ஒரு வார்த்த பேசலியே."

"அதான். எங்களப் பத்தி ஒண்ணுமே பேசல. ஏன் பேசல?"

"பேசியிருந்தா?"

"அது இன்னும் பெரிய தப்பு."

யுகேந்திரனுக்கு வாயில் வந்ததைச் சொல்ல முடியவில்லை. வாயில் வந்தது எல்லாமே புகார் கொடுக்கத் தகுந்தது.

"கோவிச்சுக்காத," என்றான் ஹபிஸ், மன்னிக்கிறவனின் மெல்லிய குரலில். "நீயே சொன்னியே, படிப்பு இல்லாததால அறியாம பேசிட்டேன்னு. அத நான் பெருசா எடுத்துக்கல."

ஹபிஸும் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் கணக்கில் தோற்றவன்தான். இருவரும் ஒரே இயந்திரத்தில் ஒரே மூடியைத்தான் அடிக்கிறார்கள்.

அப்போது சாலையில் பகதூர் வந்தான். காவல் முடிந்து சைக்கிளில் அறைக்குப் போய்க்கொண்டிருந்தான். முந்தின இரவு மழை. காற்று சில்லென்று இருந்தது. சீருடைக்கு மேல் அந்தச் சிவப்புப் பட்டுச் சட்டையை மாட்டியிருந்தான். யாரும் திருப்பிக் கேட்கவில்லை போலும். முதுகில் தங்க டிராகன், அக்குள் தையல் விட்டு, ஒரு பக்கம் காற்றில் படபடக்க, ஊர்வலத்தில் தனியாய்ப் போகும் ராஜாவைப் போல நிமிர்ந்து மிதித்துக்கொண்டு போனான்.

யுகேந்திரனின் கை பழக்கத்தில் போனை எடுத்தது. எதிரே ஹபிஸின் தொண்டையில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் ஒரு உதை, இரண்டு உதை, கிளம்பப் போனது. ஹபிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பொத்திக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

பகதூருக்குப் பின்னால் பாலர் பள்ளி வேன் திரும்பியது. முன் இருக்கையில் ரூபினி ஏதோ ஒரு வாண்டுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

யாரும் சிரிக்கவில்லை.